ஃபர்சூட் தலை: உள்ளே இருப்பவருக்கு வசதியாகச் செய்வது எப்படி

ஃபர்சூட் தலை, அதாவது ரோமத் துணி போர்த்தித் தலையில் மாட்டிக்கொள்ளும் விலங்குத் தலை, செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, ரோமத் துணி எங்கே கிடைக்கும் என்பதுதான். நியாயமான கேள்வி, ஆனால் கடைசியில் வர வேண்டிய கேள்வி. வெளியே நின்று பார்க்கிறவர் ரோமத்தையும் கண்ணையும் மூஞ்சியையும் பார்க்கிறார். உள்ளே இருப்பவருக்கோ பாரம் எங்கே உட்காருகிறது, மூச்சு எந்த வழியாகப் போய் வருகிறது, எவ்வளவு கண்ணுக்குத் தெரிகிறது என்ற மூன்றும்தான் எல்லாமே. இந்த மூன்றையும் ரோமம் ஒட்டுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். புதுச்சேரி, கடலூர் மாதிரி கடலோரப் புழுக்கத்தில் போட்டுக்கொள்ளப் போகிறோம் என்றால் இதைத் தள்ளிப்போடவே முடியாது.

ஃபர்சூட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மனிதரைப் போல நடக்கிற, பேசுகிற விலங்குப் பாத்திரங்களை விரும்பி வரைகிற, எழுதுகிற, வேஷம் கட்டுகிற ரசிகர்களுக்கு ஃபர்ரி என்று பெயர். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், கோஸ்டா மெஸா என்ற ஊரில் 1989 ஜனவரியில் நடந்த கூடுகையைத்தான் இவர்களின் முதல் மாநாடாகச் சொல்கிறார்கள். பிட்ஸ்பர்க் நகரில் 2006 முதல் நடந்துவரும் ஆந்த்ரோகான் இன்றைய பெரிய மாநாடுகளில் ஒன்று. தனக்கென்று உருவாக்கிக்கொண்ட அந்த விலங்குப் பாத்திரத்தை உடம்பில் மாட்டிக்கொள்ளும் உடைதான் ஃபர்சூட். பலர் முழு உடை செய்வதில்லை. தலை, கையுறை, வால் மூன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நம் வெயிலுக்கு அதுதான் புத்திசாலித்தனம்.

விலங்கு வேஷம் நமக்குப் புதிதும் இல்லை. புலியாட்டமும் கரடி வேஷமும் பார்த்து வளர்ந்த ஊர் இது. கடலூர், விழுப்புரம் பக்கம் தெருக்கூத்து பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். கிரீடம் ஏற்றுவதற்கு முன்னால் கூத்துக்காரர் தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொள்வார். விடிய விடிய ஆடினாலும் கிரீடம் நகராமல் இருப்பதற்கு அந்தக் கட்டுதான் காரணம். ஃபர்சூட் தலையிலும் முதலில் செய்ய வேண்டியது அந்தக் கட்டைத்தான். அழகான கூடு அதற்கு மேலே வரும்.

பாரம் உட்காரும் இடம்

இருசக்கர வாகன ஹெல்மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சரியான அளவு ஹெல்மெட் நீங்கள் திரும்பும்போது கூடவே திரும்பும். பெரிய அளவு போட்டால் தலை ஒரு பக்கமும் ஹெல்மெட் ஒரு பக்கமுமாக இருக்கும். ஃபர்சூட் தலை அப்படித் தனியாகச் சுற்றினால், கண்ணுக்கு எதிரே இருக்க வேண்டிய துளை விலகிப் போய்விடும். அடுத்த அடி எங்கே வைக்கிறோம் என்றே தெரியாது.

இதற்குப் பயந்து, பலர் முகம் காது மண்டை எல்லாவற்றையும் ஒட்டி ஃபோமை நெருக்கமாக வைத்துவிடுகிறார்கள். மாட்டிப் பார்த்தால் ஆடாது, சரிதான். ஆனால் கொஞ்ச நேரத்திலேயே நெற்றிப்பொட்டு வலிக்கத் தொடங்கும். ஃபோம் வியர்வையை உறிஞ்சிக் கனக்கும். காற்று நுழைய இடமே இருக்காது. முழுத் தலையையும் பிடிக்க வேண்டிய அவசியம் கிடையாது. பிடிக்க வேண்டிய சில இடங்களில் மட்டும் இறுக்கமாகப் பிடித்து, மற்ற இடமெல்லாம் காலியாக விட வேண்டும். நல்ல பொருத்தம் என்று நான் சொல்வது இதைத்தான்.

பிடிக்க வேண்டிய இடங்கள் எவை? உச்சிதான் எடையைத் தாங்க வேண்டும். நெற்றியில், புருவத்துக்கு மேலே, ஒரு பட்டை. இரண்டு காதுகளுக்கும் சற்று மேலே பக்கத்துக்கு ஒரு சிறு மெத்தை. அப்புறம் பின்மண்டையில் ஒரு புடைப்பு இருக்கிறதே, அதற்குக் கீழே, பிடரியைத் தொட்டுக்கொண்டு ஒரு நாடா. கடைசியாகச் சொன்ன இந்த நாடாவைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். விலங்கின் மூஞ்சி முன்னால் நீண்டிருப்பதால் தலை எப்போதும் முன்பக்கம் சாயப் பார்க்கும். புடைப்புக்குக் கீழே நாடா பிடித்திருந்தால்தான் அந்தச் சாய்வு நிற்கும். அது இல்லையென்றால் முழுப் பாரமும் மூக்கின் மேல் வந்து இறங்கும், கழுத்துத் தசை அதை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

எங்கேயெல்லாம் அழுத்தக் கூடாது என்பதும் இதே அளவு முக்கியம். நெற்றிப்பொட்டு, காது மடல், மூக்குத் தண்டு, தொண்டைக்குழி. இந்த நான்கில் எதையாவது ஃபோம் தொட்டால் அந்த இடத்தை வெட்டி எடுத்துவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

இந்தப் பிடிப்பைச் செய்ய எளிய வழி ஒன்று இருக்கிறது. கட்டட வேலை செய்கிறவர்கள் போடும் பாதுகாப்பு ஹெல்மெட்டுக்குள் பிளாஸ்டிக் பட்டைகளால் ஆன ஒரு உள்கூடு இருக்கும். பின்னால் திருகினால் இறுகும், தளரும். அதை மட்டும் கழற்றி ஃபோம் கூட்டுக்குள் நான்கு இடங்களில் துணிப்பட்டை வைத்துப் பொருத்திவிடலாம். மண்டைக்கும் ஃபோமுக்கும் நடுவில் தானாகவே இடைவெளி கிடைத்துவிடும். ஹார்டுவேர் கடையில் மலிவான ஹெல்மெட் ஒன்று வாங்கினால் போதும். உங்கள் தலையை நண்பர் போட்டுப் பார்க்க வேண்டுமென்றாலும் ஒரு திருகுதான். வேண்டாம் என்கிறவர்கள் அகலமான எலாஸ்டிக் நாடாவாலும் சிறு மெத்தைகளாலும் அதே வேலையைச் செய்யலாம். மெத்தைகளை ஒட்டிவிடாமல் வெல்க்ரோவில் வையுங்கள். முதலில் வைத்த இடம் சரியாக அமைவது அபூர்வம்.

அளவெடுப்பது

தலையை மாட்டப் போகும் நாளில் எப்படி இருப்பீர்களோ அதே கோலத்தில் அளவெடுக்க வேண்டும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர் போட்டுக்கொண்டே எடுங்கள். நீள முடி உள்ளவர் அன்றைக்குப் பின்னல் போடுவாரா, கொண்டை போடுவாரா என்பதை முடிவு செய்துகொண்டு எடுக்க வேண்டும். உயரத்தில் போட்ட கொண்டை உச்சிப் பிடிப்பைக் கெடுத்துவிடும். பிடரியோரம் தாழ்த்திப் பின்னிக்கொள்வது நல்லது. உள்ளே ஒரு துணி முகமூடியும் அவசியம். பைக் ஓட்டுகிறவர்கள் வெயிலுக்கும் தூசிக்கும் போட்டுக்கொள்கிற, கண் மட்டும் தெரியும் மெல்லிய துணி சாலையோரக் கடைகளில் தொங்குமே, அது போதும். கம்பளி மங்கி கேப் வேண்டவே வேண்டாம்.

எடுக்க வேண்டிய முதல் அளவு சுற்றளவு. புருவத்துக்கு மேலே தொடங்கி, காதுக்குச் சற்று மேலாக, பின்மண்டைப் புடைப்பைச் சுற்றி வர வேண்டும். பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் 54 முதல் 60 சென்டிமீட்டருக்குள் இருக்கும். அடுத்து ஒரு காதிலிருந்து உச்சி வழியாக மறு காது வரை. முகவாயிலிருந்து உச்சி வரை. இரண்டு கருவிழிகளின் நடுவே உள்ள தூரம், இது பெரியவர்களுக்குச் சராசரியாக 63 மில்லிமீட்டர். கடைசியாக, கண்ணைவிட மூக்கு நுனி எவ்வளவு முன்னால் நிற்கிறது என்பது.

இங்கே ஒரு கணக்கைக் கட்டாயம் புரிந்துகொள்ளுங்கள். சுற்றளவு 58 என்பதால் 58 சென்டிமீட்டர் நீள ஃபோமை வெட்டி வளைத்து ஒட்டினால் அது உங்கள் தலைக்குள் போகாது. தடித்த ஃபோமை வளைக்கும்போது உள்பக்கம் சுருங்கும், வெளிப்பக்கம் விரியும். ஒரு அங்குல ஃபோம், அதாவது 2.5 சென்டிமீட்டர் தடிமன் என்றால், உள்சுற்று கிட்டத்தட்ட 8 சென்டிமீட்டர் குறைந்துவிடும். தடிமனை 3.14 ஆல் பெருக்கினால் வருவது அந்த 8. ஆக 58 வேண்டுமென்றால் 66 வெட்ட வேண்டும். அதோடு மண்டையைச் சுற்றிக் காற்றுக்காக ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி விடப் போகிறோம் அல்லவா? அதற்கு இன்னும் 9 சென்டிமீட்டர் சேர்க்க வேண்டும். மொத்தம் 75. புதிதாகச் செய்கிறவர்களின் தலை இறுக்கமாகிப் போவதற்குப் பெரிய காரணம் இந்தக் கணக்கைப் போடாததுதான்.

தலையை உங்கள் மேலேயே மாட்டி மாட்டிச் செய்து முடிக்க முடியாது. பக்கத்தில் வைத்துக்கொள்ள ஒரு மாதிரித் தலை வேண்டும். விக் வைக்கிற தெர்மகோல் தலை கிடைக்கும், ஆனால் அவை பெரும்பாலும் பெரியவர் தலையைவிடச் சிறியவை. துணியோ ஃபோமோ சுற்றி உங்கள் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இன்னொரு வழி, தலையில் சமையலறைப் பிளாஸ்டிக் உறையைச் சுற்றி அதன்மேல் டேப் ஒட்டி, பின்பக்கமாகக் கத்தரித்துக் கழற்றி, காகிதம் திணித்து அச்சு எடுப்பது. இதைத் தனியாகச் செய்யாதீர்கள். மூக்கையும் வாயையும் ஒரு நொடிகூட மூடக் கூடாது. முனை மழுங்கிய கத்தரிக்கோல் மட்டுமே பயன்படுத்துங்கள்.

ஃபோம், கூடு

சோஃபாவுக்கு உறை தைக்கும் கடைகளில் கிடைக்கும் ஃபோம்தான் பொருள். 32 அடர்த்தி, 40 அடர்த்தி என்று சொல்லி விற்பார்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் அத்தனை கிலோ எடை என்பதுதான் அந்த எண். தலைக்கு 32 போதும். நான் மேலே சொன்ன 75 சென்டிமீட்டர் நீளத்தில், 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு அங்குல ஃபோம் வைத்தால் எடை 200 கிராமுக்கும் கீழேதான் வரும். தலையைக் கனக்கவைப்பது பெரும்பாலும் ஃபோமுக்கு மேலே சேரும் ரோமத் துணியும் பசையும்தான். இது தெரிந்தால் பசையை அளவாக வைப்பீர்கள்.

முதல் தலைக்கு நான் பரிந்துரைப்பது பழைய வழிதான். வளைத்து ஒட்டிய ஃபோம் உருளை, மேலே ஒரு மூடி, அதன்மேல் கன்னம், மூஞ்சி, புருவம் என்று துண்டு துண்டாக ஒட்டிக் கத்தரியால் செதுக்குவது. முப்பரிமாண அச்சில் எடுத்த பிளாஸ்டிக் கூடுகளும் இப்போது நிறைய வருகின்றன. வடிவம் துல்லியமாக இருக்கும், உள்ளே துடைத்து எடுப்பதும் சுலபம். ஆனால் அளவு தவறினால் திருத்த முடியாது. பரவலாகப் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்திலேயே இளகத் தொடங்கிவிடும். கத்திரி வெயிலில் கண்ணாடி ஏற்றிவைத்த காருக்குள் அதை விட்டுவிட்டுப் போனால் கோணலாகிவிடும். குளூ கன் பசையும் அந்தச் சூட்டில் விட்டுக்கொடுக்கும் என்பதால், எந்தத் தலையாக இருந்தாலும் வெயிலில் நிற்கும் காரில் வைக்க வேண்டாம்.

பாரம் தாங்கும் ஒட்டுகளுக்கு ஃபெவிகால் எஸ்ஆர் மாதிரி ரப்பர் பசை நல்லது. இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவி, தொட்டால் கையில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, அப்புறம் அழுத்த வேண்டும். அதன் ஆவி தலை சுற்றவைக்கும், எளிதில் தீப்பிடிக்கவும் செய்யும். மொட்டை மாடியிலோ திறந்த வராந்தாவிலோ செய்யுங்கள். பசை முழுவதும் காய்ந்து வாசனை போகும்வரை, ஓரிரு நாளாவது, தலையை மாட்டிப் பார்க்காதீர்கள்.

மூஞ்சி எவ்வளவு நீளமோ கழுத்துக்கு அவ்வளவு வேலை. ஒரே 200 கிராம் எடை முகத்திலிருந்து 10 சென்டிமீட்டரில் இருப்பதும் 20 சென்டிமீட்டரில் இருப்பதும் கழுத்துக்கு ஒன்றாகத் தெரியாது. ஓநாயோ குதிரையோ செய்கிறீர்கள் என்றால் மூஞ்சியின் நுனியை உள்ளே குடைந்து வெறும் கூடாக்கிவிடுங்கள். மூக்கு நுனி, பல் போன்ற கெட்டியான பாகங்களுக்கு லேசான பொருளைத் தேடுங்கள். புதுச்சேரி திருக்கனூரின் காகிதக்கூழ் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தக் காகிதக்கூழ் வேலை பல்லுக்கும் கொம்புக்கும் மிக அழகாகப் பொருந்தும், எடையும் குறைவு. வெளிப்பக்கம் வார்னிஷ் பூசினால் நிற்கும். தலைக்குள்ளே, மூச்சும் வியர்வையும் படும் இடத்தில் மட்டும் காகிதக்கூழ் வேண்டாம், ஊறிப்போகும்.

காற்று

இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள். இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டில் எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே பின்பற்றினால் நம் ஊரில் போட முடியாத தலைதான் கிடைக்கும். ஏன் என்று ஒரு கணக்கில் பார்க்கலாம்.

உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்வது வியர்வை ஆவியாவதால். ஆவியாக வேண்டுமென்றால் சுற்றியுள்ள காற்றில் அந்த நீராவிக்கு இடம் இருக்க வேண்டும். தோலை ஒட்டியிருக்கும் 35 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டருக்குச் சுமார் 40 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு ஐரோப்பிய அறைக்குள் இருக்கும் காற்றில் ஏற்கெனவே உள்ளது 9 கிராம் அளவுதான். தலைக்குள் வந்தால் இன்னும் 31 கிராமைச் சுமந்துகொண்டு போகும். 32 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள புதுச்சேரிக் கடற்கரைக் காற்றிலோ ஏற்கெனவே 24 கிராம் இருக்கிறது. அது சுமக்கக்கூடியது 16 கிராம்தான். அதாவது பாதி. அதே அளவு வியர்வையைக் காயவைக்க நமக்கு இரண்டு மடங்கு காற்று உள்ளே வந்து போக வேண்டும். எந்தத் துளையை எவ்வளவு பெரிதாக வெட்டலாம் என்று தயங்கும்போதெல்லாம் இந்த இரண்டு மடங்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூச்சு இன்னொரு விஷயம். வெளிக்காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதம், நாம் விடும் மூச்சில் கிட்டத்தட்ட 4 சதவீதம். சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுத்து விடுகிறோம். நடந்து ஆடும்போது இது பல மடங்கு ஏறும். மூஞ்சிக்குள் விட்ட மூச்சு வெளியே போகாமல் தேங்கினால் அதையே திரும்ப இழுப்போம். தலைவலியும் மயக்கமும் அப்படித்தான் தொடங்குகின்றன. ஆகவே உங்கள் மூக்குக்கும் வாய்க்கும் நேர் எதிரே ஃபோமே இருக்கக் கூடாது. அங்கே மூன்று விரல் அகலமாவது காலி இடம் விட்டு, அது நேராக விலங்கின் வாய் வழியாக வெளியே திறக்க வேண்டும். விலங்கின் வாய் சிரித்த மாதிரி திறந்திருப்பது அழகுக்காக மட்டும் இல்லை. அதற்குப் பின்னால் கறுப்பு வலைத்துணி வைத்துவிட்டால் வெளியே இருப்பவருக்கு உங்கள் முகம் தெரியாது, காற்று மட்டும் போய் வரும். இரவில் வண்டி வெளிச்சம் முகத்தில் அடித்தாலும் தெரியாத அளவுக்குக் கறுப்பாக இருந்தால் போதும். நெருக்கமான துணி வேண்டாம். அந்தத் துணியை ஒட்டுவதற்கு முன் வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். தடை தெரிந்தால் அது உதவாது.

சூடான காற்று மேலே ஏறும். அது வெளியேற உச்சியில் வழி வேண்டும். காது முளைக்கும் இடத்தின் பின்பக்கமும் உச்சி முடிக்கு அடியும் இதற்கு ஏற்றவை, துளை வெளியே தெரியாது. கண்ணோரத்திலும் புருவத்துக்கு அடியிலும் கூடச் சிறு வழிகள் விடலாம். கழுத்தை மட்டும் இறுக்கமாக மூடிவிடாதீர்கள். அது தலைக்குள் காற்று நுழையும் பெரிய வாசல்.

மின்விசிறி வைப்பது நம் ஊரில் ஆடம்பரம் இல்லை. 40 அல்லது 50 மில்லிமீட்டர் அளவில், 5 வோல்ட்டில் ஓடும் சின்ன விசிறிகள் சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் கிடைக்கும். ஒன்றே ஒன்று வைப்பதானால் மூஞ்சிக்குள் வைத்து வெளிக்காற்றை முகத்தின்மேல் வீசும்படி திருப்புங்கள். மூக்குக்கண்ணாடியில் ஆவி படியாமல் காப்பாற்றும். இரண்டாவது வைத்தால் அது உச்சியில் இருந்து உள்காற்றை வெளியே தள்ளட்டும். ஒன்று இழுக்க, ஒன்று தள்ள. இரண்டையும் உள்நோக்கி வைத்தால் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். விசிறியின் இறக்கையில் முடியோ ரோமமோ சிக்காமல் முன்னால் ஒரு கம்பிக்கூடு கட்டாயம்.

பவர் பேங்கைத் தலைக்குள் வைக்காதீர்கள். எடையும் கூடும், வியர்வையும் படும். ஒயரைக் கழுத்து வழியாக இறக்கி இடுப்புப் பையில் வையுங்கள். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று, இரண்டு சிறு விசிறிகளை ஒரு மாலை முழுக்கத் தாராளமாக ஓட்டும். ஒரு விஷயம் பாருங்கள், பல பவர் பேங்குகள் மிகக் குறைந்த மின்சாரம் எடுக்கும் பொருளை மாட்டினால் எதுவும் மாட்டவில்லை என்று நினைத்துத் தானாக அணைந்துவிடும். வாங்கியதும் விசிறியை மாட்டி ஒரு மணி நேரம் ஓடவிட்டுச் சோதித்துவிடுங்கள்.

கண்

கண்ணுக்கு வைக்கும் வலைத்துணியை வெளிநாட்டுச் செய்முறைகளில் பக்ரம் என்று எழுதியிருப்பார்கள். நம் ஊர்த் தையல் கடையில் பக்ரம் கேட்டால் சட்டைக் காலருக்குள் வைக்கும் விறைப்பான துணியைத் தருவார்கள். அது நெருக்கமான நெசவு, அதன் வழியாக எதுவும் தெரியாது. துளைகள் தெளிவாகத் தெரியும் வலையாகப் பார்த்து வாங்க வேண்டும். ஜன்னலுக்கு அடிக்கும் ஃபைபர் கொசுவலைகூடப் பழகிப் பார்ப்பதற்கு உதவும். உள்பக்கம் கறுப்பாக இருக்க வேண்டும், வெளிப்பக்கத்தில் மட்டும் அக்ரிலிக் வர்ணத்தைத் துளை அடைபடாமல் மெல்லியதாகத் தீட்ட வேண்டும். உள்பக்கம் வெளுப்பாக இருந்தால் வெயிலில் வலையே மினுங்கி, அதற்கு அப்பால் இருப்பது கரைந்துபோகும்.

பார்வை எவ்வளவு கிடைக்கும் என்பதைத் துளையின் அகலம் மட்டும் முடிவு செய்வதில்லை. உங்கள் கண்ணிலிருந்து துளை எவ்வளவு தூரம் என்பதும் சேர்ந்துதான். 4 சென்டிமீட்டர் அகலத் துளை கண்ணிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் கிடைப்பது சுமார் 44 டிகிரிப் பார்வை. அதே துளையை இரண்டரை சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் 77 டிகிரி. துளையைப் பெரிதாக்கிப் பாத்திரத்தின் முகத்தைக் கெடுப்பதைவிட, கண்ணுக்கு முன்னால் ஃபோமை மெல்லியதாக்கித் துளையை நெருக்கமாகக் கொண்டுவருவது மேல். கார்ட்டூன் முகங்களில் கண்களை அகலமாகத் தள்ளி வைப்பதால் பலர் மூக்கோரத்தில் உள்ள கண் மூலை வழியாகத்தான் பார்க்கிறார்கள். ஆகவே கருவிழித் தூரத்தை அளந்தது இங்கேதான் வேலைக்கு வரும். மாதிரித் தலையில் இரண்டு குண்டூசி குத்தி உங்கள் கருவிழிகள் எங்கே என்று குறித்துக்கொண்டு, அதற்கேற்ப மூலையை வெட்டுங்கள்.

எங்கே நின்றாலும் நம்மையே பார்க்கிற மாதிரிக் கண்களைப் பார்த்திருப்பீர்கள். அதன் ரகசியம் எளியது. விழியை வெளியே புடைத்து வைக்காமல், இமையின் விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே குழிந்து இருக்கும்படி வைப்பார்கள். பார்க்கிறவர் நகர நகரக் கருவிழி அவர் பக்கம் திரும்புவது போலத் தெரியும்.

எப்படிச் செய்தாலும் கீழ்ப்பார்வை குறைவாகத்தான் இருக்கும். மாலையில் வண்டிகள் விடாத புதுச்சேரிக் கடற்கரைச் சாலை நடப்பதற்கு நல்ல இடம்தான், ஆனால் அங்கே ஓடிவரும் குழந்தைகள் இடுப்பு உயரம்கூட இருக்க மாட்டார்கள். கூட ஒருவர் கட்டாயம் வர வேண்டும். படி, பள்ளம், குழந்தை, நாய் எல்லாவற்றையும் அவர் சொல்லிக்கொண்டே வர வேண்டும்.

ரோமத்துக்கு முன் ஒரு சோதனை

வெறும் ஃபோம் கூடு தயாரானதும், பிடிப்புகளும் விசிறியும் வைத்த நிலையில், வீட்டில் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் சாதாரணமாக இருங்கள். குனியுங்கள், அண்ணாந்து பாருங்கள், இடது வலது திரும்புங்கள், கொஞ்சம் குதியுங்கள், ஸ்ட்ரா வைத்துத் தண்ணீர் குடித்துப் பாருங்கள். கழற்றியதும் கண்ணாடியில் முகத்தைப் பாருங்கள். எங்கே சிவந்து தடம் பதிந்திருக்கிறதோ அங்கே ஃபோம் அதிகம். கூடு நழுவிய இடத்தில் மெத்தை போதவில்லை. எது சரியில்லையோ இப்போதே வெட்டுங்கள், ஒட்டுங்கள். ரோமம் ஏறினால் தலை இன்னும் சூடாகும், கனக்கும் என்பதால் இந்தச் சோதனையிலேயே சிரமமாக இருந்தால் ரோமம் ஒட்டும் எண்ணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

ரோமம் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். கூட்டின்மேல் பிளாஸ்டிக் உறையும் டேப்பும் ஒட்டி, தையல் வரும் கோடுகளையும் ரோமம் படியும் திசையை அம்புக்குறியாகவும் வரைந்து, கத்தரித்து எடுத்தால் அதுவே மாதிரி வடிவம். ஒரு பக்கம் எடுத்தால் போதும், புரட்டிப் போட்டு மறுபக்கம் வெட்டலாம். துணியைப் பின்பக்கத்திலிருந்து, அடித்துணி மட்டும் அறுபடும்படி பிளேடால் வெட்டுங்கள். கத்தரிக்கோல் ரோமத்தையும் சேர்த்து நறுக்கிவிடும். முகத்தில் ரோமத்தை ட்ரிம்மரால் குட்டையாக்குவது அழகுக்கும் நல்லது, எடைக்கும் நல்லது. இது அக்ரிலிக் இழை, சூடான இஸ்திரியும் ஹேர் டிரையரும் பட்டால் சுருண்டுவிடும்.

உள்ளே துணி, வெளியே உப்புக்காற்று

ஃபோம் வியர்வையை உறிஞ்சும், லேசில் விடாது. அதனால் தோல் படும் இடமெல்லாம் விளையாட்டு ஜெர்சி தைக்கிற, சீக்கிரம் காயும் துணியால் உள்ளுறை வையுங்கள். குளிர்நாட்டுக்காரர்கள் வைக்கும் தடித்த பஞ்சுத்துணி நமக்கு ஆகாது. உள்ளுறை வெல்க்ரோவில் இருந்தால் ஒவ்வொரு முறையும் கழற்றித் துவைக்கலாம்.

போட்டுக் கழற்றியதும் உள்பக்கம் 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலை மெல்லியதாகத் தெளித்து, மின்விசிறிக்கு எதிரே தலைகீழாக வைத்து முழுக்கக் காயவிடுங்கள். தெளிக்கும்போது பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது. வெயிலில் நெடுநேரம் வைத்தால் ஃபோம் மஞ்சளாகி உதிர ஆரம்பிக்கும், நிழல்தான் நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் எதுவும் காயாது, பூஞ்சை பிடிக்கும். அந்த மாதங்களில் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்காமல் துணிப்பையில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள், வாரம் ஒருமுறை வெளியே எடுத்து விசிறியில் காட்டுங்கள். தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் வீடு இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, உப்புக்காற்று இரும்பை விடாது. திருகு, கொக்கி எல்லாம் பிளாஸ்டிக்கிலோ பித்தளையிலோ இருக்கட்டும். இமையை மாற்றி மாற்றி வைக்கக் காந்தம் பயன்படுத்தினால் அதன் நிக்கல் பூச்சு உரிந்து துருப்பிடிக்கும், மேலே ஒரு துணி உறை தைத்துவிடுங்கள்.

போட்டுக்கொண்டு வெளியே போகும் நேரமும் பொருத்தத்தின் ஒரு பகுதிதான். காலை ஏழு மணிக்கு முன்பு, அல்லது வெயில் இறங்கிக் கடல்காற்று வீசும் மாலையில். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கழற்றி, தண்ணீரோ நீர்மோரோ ஓஆர்எஸ் கரைசலோ குடியுங்கள். தலை சுற்றினாலோ, குமட்டினாலோ, பேச்சு குழறினாலோ, வியர்ப்பது நின்றுபோனாலோ, எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தாலும் அந்த இடத்திலேயே தலையைக் கழற்றிவிட வேண்டும். பாத்திரத்தின் முகத்துக்குள் இருப்பவரைக் காட்டக் கூடாது என்ற வழக்கம் பலருக்கு உண்டு, அதை நானும் மதிக்கிறேன். இந்த நேரத்தில் அதற்கு இடமில்லை. குளிர்ச்சியான இடத்துக்குக் கொண்டுபோய் ஈரத்துணி போட்டும் பேச்சு தெளியவில்லை என்றால் 108-ஐ அழையுங்கள். ஒற்றைக் கையால் ஐந்து நொடியில் கழற்ற வருகிறதா என்பதை வீட்டிலேயே பழகிப் பார்த்துக்கொள்ளுங்கள். வரவில்லை என்றால் பிடரி நாடாவின் பூட்டை மாற்றுங்கள்.

எலாஸ்டிக் நாடா வியர்வையில் சீக்கிரம் தளரும். தலை முன்பைவிட ஆடுவது போலத் தோன்றினால் முதலில் அதைப் பாருங்கள். வெல்க்ரோவில் வைத்திருந்தால் புதிதாக மாற்ற பத்து நிமிடம் ஆகும்.